ஆதர்ச சூரிய கிராமம்

நாகூர் மீரானின் சந்தில் கரண்டை வெட்ட வந்தவர்கள் மாலையோடு வந்தார்கள்.

மாலை மீரானுக்கு. சாமந்தியும் ஜிகினாவும் சேர்த்துக் கட்டிய கனத்த மாலை. ஒருவர் அதை அவர் கழுத்தில் போட்டார். இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாவது ஆள் ஏணியைச் சார்த்தி ஏறி, சந்து முகப்பில் இருந்த பெட்டியைத் திறந்து, வயரை வெட்டிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். பட்டறைக்குள் தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. பக்கத்து அறையில் முப்பிடாதியம்மாளின் மாவு கிரைண்டர் முனகிக்கொண்டே ஓய்ந்தது. தாராவியின் அந்த மூலையில் பகல் நேரத்தில் அப்படியோர் அமைதியை யாரும் அறிந்ததில்லை. எங்கோ ஓர் ஆடு தழை மெல்லுவதுகூடக் கேட்டது.

மீரானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுத்தில் மாலை கிடந்ததால் கோபப்படவும் கூச்சமாக இருந்தது.

"வாழ்த்துகள் மீரான் பாய்," என்றார் மாலை போட்ட பஞ்சாபகேசன். "இன்னிலேர்ந்து நீங்கள்லாம் கிராமம்."

மீரான் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாக பம்பாய்க்கு வந்தவர். தாதரில் ஒரு கடை வாசலில் படுத்து, தோல் பட்டறைகளில் எடுபிடி வேலை பார்த்து, கடைசியில் சொந்தமாக ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்துவிட்டார். கீழே பட்டறை. மேலே பலகை அடித்த மாடி. மாடியில் அவரும் மனைவி நூர் நிஷாவும் குடியிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்கு முந்தின இரண்டு மாதங்கள்தான் வருஷம் முழுவதற்குமான சோறு. கரண்டு போனது அந்த ஏப்ரலில்.

பக்கத்து அறைக்கார முப்பிடாதியம்மாளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைத்தாள். அலுமினியப் போணியைத் தலையில் வைத்துக்கொண்டு செம்பூர், முலுண்ட் என்று இட்லி விற்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் மாவுதான்.

பஞ்சாபகேசன் மாட்டுங்காக்காரர். சர்க்காரின் கதிரொளிக் கழகத்தில் திட்ட அதிகாரி. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதமாக அவ்வப்போது வந்து, ரெக்சின் சுருளின் மேல் உட்கார்ந்து, நூர் நிஷா போடும் டீயைக் குடித்து, "ஏலக்கா வாசனை பிரமாதம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த டீக்களின் நடுவில்தான் விஷயத்தைச் சொன்னார். கழகத்துக்கு ஏதோ ஒரு வெளிநாடு சூரிய ஒளித் தகடுகளையும் பேட்டரிகளையும் இனாமாகக் கொடுத்திருந்தது. அவற்றைக் கரண்டு இல்லாத ஒரு கிராமத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு, நம்மைப் போல ஏழையான பல நாடுகளிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பார்கள்.

"கிராமத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டார் மீரான்.

"கிராமம் இருக்கு. போறதுக்கு ரோடுதான் இல்லே. டெலிகேட்ஸ் தாஜ்லே சாயங்கால டிபன் சாப்ட்டுட்டுக் கிளம்பினா, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரணும். அதுக்கு ஏத்த கிராமம் நாடு பூரா தேடியும் கிடைக்கலே. அப்பறம் டைரக்டருக்கே தோணித்து. கிராமம்னா என்ன? குடிசை, ஆடு, கஷ்டம். உங்க சந்துலே மூணும் இருக்கே."

நூர் நிஷா டீ கிளாசை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க சந்துல கரண்டும் இருக்குதே சார்."

"அது ஒண்ணுதான் குறை," என்று தலையாட்டினார் பஞ்சாபகேசன். "அதை நாங்க சரி பண்ணிடறோம்."

சரி பண்ணுவது என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"சார், மிஷினு எல்லாம் நின்னு போச்சே," என்றார் மீரான், மாலையைக் கழற்றவும் மறந்து. "ஆர்டரு இருக்கு சார். உங்க தகடு மிஷினை ஓட்டுமா?"

"ஓட்டாது. இது வெளிச்சத் திட்டம். ஒரு தெரு விளக்கு. மிஷின் ஓட்டறது தொழில் சக்தி, அது வேற டிபார்ட்மெண்ட். அவா இன்னும் ஆரம்பிக்கலே."

"கரண்டும் இருக்கட்டும், விளக்கும் இருக்கட்டும்னு வச்சா என்ன சார்?"

பஞ்சாபகேசன் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "கரண்ட் இருக்கற எடத்துலே சூரிய விளக்கு வெச்சா அது ஆடம்பரம் மீரான் பாய். இல்லாத எடத்துலே வெச்சாத்தான் வளர்ச்சி."

தகடுகள் வந்தன. மீரானின் தகரக் கூரைமேல் அவற்றை வரிசையாகப் படுக்க வைத்துத் திருகினார்கள். கருநீலக் கண்ணாடிகள், காக்கைகள் அவற்றில் தங்களைப் பார்த்துக் கொத்திக்கொண்டே இருந்தன. சந்தின் நடுவில் கம்பம் நட்டார்கள். அதற்கு வயர் புதைக்கச் சாக்கடை மேலிருந்த கற்பலகைகளைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். பேட்டரிகள் டெம்போவில் வந்தன. பிரேதத்தைத் தூக்குவதுபோல ஒரு பேட்டரிக்கு நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். மழைக்குத் தண்ணீர் ஏறாத இடம் அந்தச் சந்தில் ஒன்றே ஒன்றுதான். மீரானின் மாடி.

"தற்காலிகமாத்தான்," என்றார் பஞ்சாபகேசன்.

மீரானும் நூர் நிஷாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே, ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் வந்து படுத்தார்கள். மாடிக் கதவில் கழகத்தின் பூட்டு. ஜன்னலில் திருட்டுப் பயத்துக்காகப் பலகை.

திறப்பு விழாவுக்கு டைரக்டர் வந்தார். பருத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். சூரியன் எல்லோருக்கும் பொது, அதை யாரும் வெட்ட முடியாது என்று பேசினார். அந்தி சாய்ந்ததும் பொத்தானை அழுத்தினார். வெள்ளை வெளேரென்று விளக்கு எரிந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மீரானுக்கே ஒரு நிமிஷம் மனசு நிறைந்துவிட்டது. "பாலைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு தம்பி," என்றாள் முப்பிடாதியம்மாள்.

டைரக்டரின் கார் தொண்ணூறடி ரோட்டில் திரும்பியதும் பஞ்சாபகேசன் விளக்கை அணைத்து, பொத்தான் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏன் சார் அணைச்சிட்டிய?" என்று கேட்டார் மீரான்.

"டெலிகேஷன் எப்போ வேணாலும் வரும். வந்தா எரியணும். பேட்டரி நிறைஞ்சே இருக்கணும். சேமிப்புன்னா என்னன்னு நினைச்சேள்? செலவழிக்காம இருக்கறதுதான் சேமிப்பு."

அப்படியாக அந்தச் சந்து இருட்டில் விழுந்தது. இந்தப் பக்கத்துச் சந்திலும் அந்தப் பக்கத்துச் சந்திலும் பல்பும் ரேடியோவும் இருந்தன. நடுவில் இது மட்டும், வாய்க்குள் பல் விழுந்த இடம்போல் கறுத்துக் கிடந்தது. தலைமேல் சூரியன் சேர்த்து வைத்த வெளிச்சம் பூட்டிக் கிடக்க, கீழே அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்தார்கள். மீரான் மிஷின்களில் காலால் மிதிக்கும் பெடலை மாட்டினார். பாதி வேகம்கூட வரவில்லை. தையல்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வேறு பட்டறைகளுக்குப் போனார்கள். வள்ளியூர்க்காரர் சுயம்பு மட்டும் போகவில்லை. "போற எடத்துல மாலை போட்டான்னா என்ன செய்ய? இங்கயே இருக்கேன்," என்றார்.

மழைக்கு முந்தின புழுக்கத்தில் மாடியிலிருந்து ஒரு வாடை இறங்க ஆரம்பித்தது. புளித்த, மூக்கைக் குத்துகிற வாடை. கண் எரிந்தது. கொடியில் போட்ட துணிகளில் பொத்தல் விழுந்தது. நூர் நிஷாவின் கல்யாணத்துக்கு வந்த இரும்புப் பெட்டி ஒரே மாதத்தில் செதில் செதிலாகத் துருப்பிடித்தது. வெயில் ஏறும் நேரங்களில் மேலே கொப்புளம் வெடிக்கிற சத்தம் கேட்டது.

"மேல என்னமோ கொதிக்குது சார்," என்றாள் நூர் நிஷா.

பஞ்சாபகேசன் காது கொடுத்துக் கேட்டார். "சார்ஜ் ஏறறதும்மா. பேட்டரி மூச்சு விடறது. அந்த மூச்சு ஒரே எடத்துலே அடைஞ்சா, நெருப்புப் பட்டா வெடிக்கும்னு மேனுவல்லே போட்டிருக்கான். அறைக்குக் காத்தோட்டம் அவசியம்னு எங்க டெக்னிகல் சர்க்குலரே இருக்கு."

"அப்ப ஜன்னலைத் திறந்து விடுங்களேன்."

"ஜன்னலைத் திறக்கப்படாதுன்னு செக்யூரிட்டி சர்க்குலர் இருக்கே. ரெண்டும் எங்க சர்க்குலர்தான். ஒண்ணை மதிச்சு ஒண்ணை மதிக்காம இருக்க முடியுமா? நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. கீழே அடுப்பு மூட்டாதீங்கோ."

அன்றிலிருந்து நூர் நிஷா மழையிலும் சந்தில்தான் சமைத்தாள். சுயம்பு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பீடி குடிக்கிறவர்கள் மீரான் வீட்டைக் கடக்கும்போது பீடியை அணைத்துவிட்டுக் கடந்தார்கள். தர்காவைக் கடக்கிறவர்களுடைய பணிவு அவர்கள் முகத்தில் இருந்தது.

கிராமத்தில் இன்னும் சில குறைகள் இருப்பதாக டைரக்டர் கண்டுபிடித்தார். ஒரு நாள் தபேலா என்கிற மாட்டுக் கொட்டிலிலிருந்து காளை மாடு ஒன்று வந்து கம்பத்தில் கட்டப்பட்டது. சிமெண்ட் வளையத்தை வைத்து, செங்கல் நிறத்தில் கோடு போட்டு, கிணறு என்று சொன்னார்கள். மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை வைத்தார்கள்: ஆதர்ச சூரிய கிராமம். மூன்றில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. கிணறு வந்துவிட்டதால், குழாய் எதற்கு என்று நகரசபை ஆட்கள் வந்து சந்துக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வளையத்துக்குள் மழைத் தண்ணீரும் கொசுவும் இருந்தன.

மீரானைக் கிராமத் தலைவர் ஆக்கினார்கள். ரோஸ் கலரில் ஒரு தலைப்பாகை கொடுத்து, தொப்பியின் மேலேயே சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இந்தியில் ஒரு பேச்சும் சொல்லிக்கொடுத்தார்கள். "முன்பு நாங்கள் இருளில் இருந்தோம்" என்று அது ஆரம்பிக்கும். மீரான் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

முப்பிடாதியம்மாள் அரிசியைச் சுமந்துபோய், கும்பார்வாடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில் காத்துக் கிடந்து ஆட்டிக்கொண்டு வருவாள். ஜூலையில் ஓர் அந்தி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாவுப் போணியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். பெயர்த்த கற்பலகைகள் பெயர்த்தபடியே இருந்தன. சாக்கடை எது, தரை எது என்று தெரியவில்லை. அணைந்து கிடந்த கம்பத்துக்கு நேர் கீழே விழுந்தாள்.

சத்தம் கேட்டு மீரான் ஓடினார். இருட்டில் வெள்ளையாக மாவு மட்டும் தண்ணீரில் விரிந்துகொண்டு போனது. அதைப் பின்தொடர்ந்து போய்த்தான் அவளைப் பிடித்தார்கள். சயான் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்றார்கள். இனி நடப்பது சந்தேகம் என்றார்கள்.

மறுநாள் மீரான் கழகத்து ஆபீசுக்குப் போனார். அங்கே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, பகலில்கூட. பஞ்சாபகேசன் முழுவதையும் கேட்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

"சாவியைக் குடுங்க சார்," என்றார் மீரான். "ராத்திரிக்கு அந்த விளக்கை எரிய விடுவோம். வேற ஒண்ணும் கேக்கலை."

"அதுதான் முடியாது. ஆனா இதை நான் சும்மா விடப் போறதில்லே. இப்பவே டைரக்டர்கிட்டே போறேன்." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வெளிச்சம் இல்லாம ஒரு அம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சிருக்கு. நம்ம திட்டம் எவ்வளவு அவசியம்னு இதைவிட நன்னா யாரால சொல்ல முடியும்?"

வீட்டுக்கு வந்த மீரான் நடந்ததை விவரித்தார். நூர் நிஷாதான் சொன்னாள்: "இவங்ககிட்ட சொல்லி ஆகாதுங்க. வர்றவங்ககிட்ட சொல்லுங்க. உங்களைத்தானே பேசச் சொல்லியிருக்காக."

மழை விட்ட மாதத்தில் ஓர் அந்தியில் அவர்கள் வந்தார்கள். பல நிறத்தில், பல உடையில், கழுத்தில் அட்டை தொங்க வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காளை மாட்டைப் படம் எடுத்தார்கள். விளக்கு எரிந்தபோது கை தட்டினார்கள். தீவு நாடு ஒன்றிலிருந்து வந்திருந்த, தலையில் ஆரஞ்சுத் துணி கட்டிய ஓர் அம்மாள் மட்டும் விளக்கைப் பார்க்காமல் மீரானின் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் சீலிங் ஃபேன் தொங்கியது. அது எதற்கு என்று கேட்டாள்.

டைரக்டர் சளைக்கவில்லை. "என்றாவது ஒரு நாள் மின்சாரம் வரும் என்ற நம்பிக்கையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கிராம மக்களின் நம்பிக்கை அப்படிப்பட்டது."

இதற்கும் கை தட்டினார்கள்.

மீரான் எழுந்தார். தலைப்பாகை நழுவி ஒரு காதை மூடியிருந்தது. "முன்பு நாங்கள் இருளில்" என்று ஆரம்பித்தார். நின்றார். கட்டிலில் கிடத்தி வாசலுக்குக் கொண்டுவந்திருந்த முப்பிடாதியம்மாளைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், நிதானமாகச் சொன்னார். முன்பு எங்களுக்குக் கரண்டு இருந்தது. இவர்கள்தான் வெட்டினார்கள். முன்பு குழாய் இருந்தது. இந்த விளக்கு நீங்கள் வந்தால்தான் எரியும். நீங்கள் போனதும் அணைந்துவிடும். இந்த அக்கா இதன் கீழேதான் விழுந்தாள். இது கிராமம் இல்லை. நாங்கள் பம்பாய்க்காரர்கள்.

பஞ்சாபகேசன் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். முன்பு இருளில் இருந்தார்கள், ஒரு பெண் இருளில் விழுந்து துன்பப்பட்டாள், இப்போது விளக்கைப் பார்த்து நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று சொன்னதாக, பக்கத்தில் நின்ற டிரைவர் பிற்பாடு சொன்னார்.

ஆனால் ஆரஞ்சுத் துணி அம்மாளின் பாட்டன் பூட்டன்கள் பீகாரிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவர்கள். அவளுக்கு இந்தி தெரிந்திருந்தது. புறப்படும்போது மீரானின் கையைப் பிடித்து, "நான் கேட்டுக்கொண்டேன் பாயி," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். நூர் நிஷா அன்று வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. பெரிய ஓட்டலில் நடந்த கடைசிக் கூட்டத்தில் எழுந்து, எல்லா நாட்டுக்காரர்கள் முன்னாலும் சொல்லிவிட்டாள்: நீங்கள் காட்டியது கிராமமே இல்லை.

செய்தியைக் கொண்டுவந்த பஞ்சாபகேசன் இளைத்துப் போயிருந்தார். டீ வேண்டாம் என்றார். "டைரக்டர் மூணு நாளா யார்கிட்டேயும் பேசலே."

"அப்ப கரண்டைத் திரும்பக் குடுத்திருவாகளா?" என்று கேட்டாள் நூர் நிஷா. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு பஞ்சாபகேசன் தரையைப் பார்த்தார்.

டைரக்டரே நேரில் வந்தார். இந்தத் தடவை சந்து முனையில் நீல வேன் ஒன்றும் நின்றது. அதற்குள் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் கம்பத்தடியில் நின்று, முன்னைப் போலவே மெதுவாகப் பேசினார்.

"கழகம் தன் தவறை ஒப்புக்கொள்ளத் தயங்காது. ஒரு கிராமத்தை நகரத்துக்கு நடுவில் வைத்தது எங்கள் தவறு. அந்தத் தவறு உடனே திருத்தப்படும். அம்பர்நாத்துக்கு அப்பால் நல்ல வெட்டவெளி கிடைத்திருக்கிறது. காற்று சுத்தமானது. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு மின்கம்பம் கிடையாது. கிராமம் அங்கே போகிறது."

"நாங்க போக மாட்டோம் சாப்," என்றார் மீரான்.

டைரக்டர் அவரை வியப்போடு பார்த்தார். "உங்களை யார் போகச் சொன்னார்கள்? கிராமம்தான் போகிறது. தலைவர் கிராமம் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறேன்."

சுயம்பு முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேனின் பின்கதவு திறந்தது. ஒரு போலீஸ்காரர் இறங்கி, சோம்பல் முறித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார். அவ்வளவுதான். சுயம்பு வாயை மூடிக்கொண்டார். மீரான் பக்கத்துச் சந்துகளைப் பார்த்தார். கருக்கல் நேரம். இருபுறமும் இருந்தவர்கள் சத்தமில்லாமல் தங்கள் விளக்குகளை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தார்களோ என்னவோ.

லாரிகள் விடிந்ததும் வந்தன. முதலில் கம்பத்தைப் பிடுங்கி ஏற்றினார்கள். பிறகு தகடுகள். பிறகு காளை மாடு. பிறகு ஜனங்கள். முப்பிடாதியம்மாளைக் கட்டிலோடு தூக்கி வைத்தார்கள். லாரி கிளம்பும்போதே பின்னால் புல்டோசர் சத்தம் கேட்டது. நூர் நிஷா திரும்பிப் பார்க்கவில்லை. மீரான் பார்த்தார், புழுதிதான் தெரிந்தது.

அம்பர்நாத்தைத் தாண்டி, ஆலைகளின் புகையையும் தாண்டி, ஒரு கரட்டு மேட்டில் இறக்கினார்கள். கல்லும் காய்ந்த புல்லும். வரிசையாகத் தகரக் கொட்டகைகள். உள்ளே கை வைக்க முடியாத சூடு. மேட்டுச் சரிவில் ஒரு குட்டை; கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் பாசி. கொட்டகைகளுக்கு முன்னால் கம்பத்தை நட்டு, தகடுகளை மாட்டினார்கள். பேட்டரிகள் மட்டும் வரவில்லை.

"தகடு உற்பத்திப் பிரிவு, பேட்டரி சேமிப்புப் பிரிவு," என்று விளக்கினார் பஞ்சாபகேசன். "உங்க மாடியை இடிக்கச்சே சேமிப்புப் பிரிவு ஆள் இல்லே. அதனாலே பேட்டரிகள் இப்போ எங்கே இருக்குன்னு ஒரு விசாரணைக் கமிட்டி போட்டிருக்கு."

ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். படம் இல்லாமல் அனுப்ப முடியாது. எஞ்சினியர் ஒருவர் தகட்டின் வயரை நேராக விளக்கில் கொடுத்துவிட்டார். உச்சி வெயிலில் தெரு விளக்கு எரிந்தது. எரிகிறதா என்று பார்க்க, கண்ணுக்குக் கையை மறைவு வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. டைரக்டர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். முப்பிடாதியம்மாள் கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பு உடைந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மத்தியானத்துல விளக்கு போட்டிருக்கான் பாரு தம்பி. நமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டானுவ போல."

பிறகு தண்ணீர் கேட்டாள். நூர் நிஷா குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். வெயிலில் லாரியில் வந்ததிலேயே முப்பிடாதியம்மாளின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி வேண்டும் என்று மீரான் டைரக்டரிடம் போய்க் கேட்டார். கார் பத்திரிகைக்காரர்களுக்கு, ஜீப் அதிகாரிகளுக்கு, லாரி கிராமத்துக்கு. கிராமம் வந்து சேர்ந்துவிட்டதால் லாரிகள் திரும்பிப் போய்விட்டன என்று பதில் வந்தது.

சூரியன் சாயச் சாய விளக்கும் மங்கியது. ஜனங்களுக்கு வெளிச்சம் தேவைப்பட ஆரம்பித்த நேரத்தில் சரியாக அணைந்தது. அதற்குள் கார்களும் ஜீப்புகளும் போய்விட்டன.

அப்படிப்பட்ட இருட்டை அவர்கள் பம்பாயில் பார்த்ததில்லை. பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. பிள்ளைகள் அழுதன. மீரான் கொட்டகைக்கு வெளியே நின்று ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக, "இருக்கோம்," "இருக்கோம் பாய்," என்று வந்தது. சுயம்பு இருந்தார். எல்லோரும் இருந்தார்கள்.

"முப்பிடாதியக்கா," என்று கூப்பிட்டார்.

காற்று தகரத்தைத் தட்டியது. இன்னொரு தடவை கூப்பிட்டார். நூர் நிஷாவின் கை இருட்டில் தடவி வந்து அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

மறுநாள் விறகு தேடினார்கள். அந்தக் கரட்டில் மரம் என்று ஒன்று இல்லை. தகடுகள் வந்த மரப்பெட்டிகள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. வெளிநாட்டு எழுத்தில், கவனமாகக் கையாளவும் என்று அம்புக்குறி போட்ட பெட்டிகள். அவற்றை உடைத்து அடுக்கினார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு சுயம்பு கொள்ளி வைத்தார். வெயில் ஏறிவிட்டிருந்ததால் தெரு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கிற பொத்தான் சேமிப்புப் பிரிவில் இருந்தது.

புகையைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, ஒரு ஜீப் மேட்டில் ஏறி வந்தது. பஞ்சாபகேசன் இறங்கினார். விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்த அழுகையில் பொய் இல்லை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகைகள், குட்டை, மாடு, கம்பம், எரிகிற சிதை. மீரானின் பக்கத்தில் வந்து, ஆறுதலாகத் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"டைரக்டர் நேத்திக்கூடச் சொல்லிண்டிருந்தார் மீரான் பாய். எல்லாம் வந்துடுத்து, ஒரு சுடுகாடு மட்டும் இல்லாதது குறையா இருக்குன்னு. பாவம், அந்த அம்மா அதையும் தீர்த்து வெச்சுட்டா. இனிமே எந்த நாட்டுக்காரனும் வந்து இது கிராமம் இல்லேன்னு சொல்ல முடியாது."

சிதையைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. சுயம்பு சிதையைக் கிளறிய கழியைக் கையிலிருந்து கீழே போடவில்லை.

நூர் நிஷா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முன்னால் வந்தாள். எப்போதும் டீ கொடுக்கும்போது பேசுகிற அதே மரியாதையான குரலில் சொன்னாள்:

"சார், வெளிச்சம் இருக்கும்போதே போயிருங்க."

பஞ்சாபகேசன் அவளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கல் குத்துவதையும் பொருட்படுத்தாமல், ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார்.